உம்மாவின் விரலும் தம்பியின் விலாசமும்

எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடிந்தால் பெண் வீடு மாறுவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். நான் பிறந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். வாப்பா மௌத்தான பிறகு உம்மாவும் என்னோடுதான். என் கணவர் மருதமுனையிலிருந்து வந்தவர். வந்து பன்னிரண்டு வருடமாகியும் நகவெட்டி எந்த மேசை லாச்சியில் இருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார். ஆக, இந்தப் பக்கத்தில் ஓர் இளந்தாரியின் விலாசம் என்பது கல்யாணம்வரைக்கும்தான் செல்லும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்திருந்தும் என் ஒரே தம்பியின் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

கல்முனையில் இருந்துகொண்டு இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு பல் வைத்தியர், இரண்டு கல்யாண மண்டபங்கள், அறுகம்பைப் பக்கம் ஒரு விடுதி, ஒரு சீமெந்துக் கடை என்று வாடிக்கையாளர்கள் உண்டு. ஹோலின் மூலையில் ஒரு மேசை, அதன்மேல் மடிக்கணினி, பக்கத்தில் உம்மாவின் கதிரை. இதுதான் என் கம்பனி. உம்மா அந்தக் கதிரையில் இருந்தபடி கீரை ஆய்வார், தஸ்பீஹ் ஓதுவார், என் வாடிக்கையாளர்கள் போனில் கதைப்பதைக் கேட்டு அவர்களின் குணம் எப்படி என்று எனக்குச் சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

தளம் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. படமும் எழுத்தும் ஆட்கள் பார்ப்பதற்கு. அதற்குப் பின்னால், தேடுபொறி மட்டும் வாசிப்பதற்காக ஒரு துண்டு எழுதி வைப்போம். கட்டமைப்புத் தரவு என்று அதற்குப் பெயர். இது கடையின் பெயர், இது விலாசம், இது போன் இலக்கம், இந்த நேரத்துக்குத் திறக்கும், இந்த நேரத்துக்குப் பூட்டும் என்று அதற்கு விளங்கும் ஒழுங்கில் எழுத வேண்டும். கந்தூரி விருந்துச் சட்டிகளின் மூடியில் இது மாடு, இது கோழி என்று எழுதி ஒட்டுகிறோமே, அதுபோலத்தான். மூடியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தத் துண்டு ஒழுங்காக இருந்தால், யாராவது தேடும்போது கடையின் பெயருக்குக் கீழேயே விலாசமும் நேரமும் வந்து நிற்கும். ஆட்கள் தளத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், நேரே கடைக்கு வந்துவிடுவார்கள். என் படங்களும் வர்ணங்களும் வீண்போவதில் எனக்கு லேசான கவலை உண்டு. அது வேறு கதை.

தம்பி தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். படகு எஞ்ஜினும் பார்ப்பான். கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டு முன்பக்கத்தில் தகரம் இறக்கி வேலை செய்தான். அவனுக்கும் ஒரு தளம் செய்து கொடுப்பேன் என்று நான்தான் அடம்பிடித்தேன். முதல் சண்டை விலாசத்தில் வந்தது. எங்கள் சந்தில், அதாவது ஒழுங்கையில், வீட்டு இலக்கம் என்று ஒன்று இருப்பது மின்சாரப் பட்டியல் தருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அது "பள்ளிவாசலுக்குப் பின்னால, ரெண்டாவது ஒழுங்கை, பலா மரம் நிக்கிற வீடு". பலா மரத்தை எழுத அந்தத் துண்டில் இடம் கிடையாது. கடைசியில் அகலாங்கு நெட்டாங்கைக் கொடுத்து, எங்கள் வாசற்படியில் ஒரு புள்ளியைக் குத்தி வைத்தேன்.

அடுத்த சண்டை நேரத்தில்.

"எத்தின மணிக்குத் தொறப்பாய்?" என்று கேட்டேன்.

"சுபஹ் தொழுது தேத்தண்ணி குடிச்சிட்டு."

"மணியச் சொல்லு தம்பி."

"அது அண்டண்டைக்கு மாறும்தானே ராத்தா."

காலை ஏழரை என்று எழுதப் போனேன். விடவில்லை. லுஹர் தொழுகைக்கு எழும்பிப் போவான், அஸருக்குப் போவான், அந்த நேரங்களில் பூட்டு என்று எழுத வேண்டுமாம். "தொறந்திரிக்கி எண்டு போட்டுட்டு, ஆள் வரக்குள்ள பூட்டிக் கெடந்தா அது பொய்தானே?" என்றான். ஒரு நிமிடம்கூடப் பொய்யாக எழுத விடவில்லை. நாளொன்றுக்கு மூன்று துண்டாக நேரத்தை வெட்டி, வெள்ளிக்கிழமைக்குத் தனியாக எழுதி, நோன்பு மாதத்துக்கு இன்னொன்று எழுதி, ஒரு பல் வைத்தியருக்குச் செய்ததைவிட அதிகமாக அந்தப் பம்புக் கடைக்கு மெனக்கெட்டேன். ஆனால் மெனக்கெட்டதற்குப் பலன் கிடைத்தது. கல்முனையில் பம்பு திருத்த என்று தேடினால் முதலாவதாக அவன்தான் வந்தான். உம்மாவுக்குக் காட்டினேன். உம்மா போன் திரையைத் தடவிப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார்.

பிறகு கல்யாணம் வந்தது. பெண் ஒலுவில். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் பெண் வீட்டார் முன்பக்கமாக ஒரு கடையறையும் கட்டிக் கொடுத்தார்கள். படகு எஞ்ஜின்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இறக்காமத்துப் பக்கமிருந்து பம்பு கொண்டுவருகிறவர்களுக்கும் கல்முனையைவிட அதுதான் கிட்ட. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். தளத்தை மாற்றும் வேலை என் தலையில். வலீமா விருந்துக்கு முதல் நாள், இரண்டு கையிலும் மருதோன்றி காய்ந்துகொண்டிருக்கும்போது அந்த வேலைக்கு உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, முகப்பில் புதுப் படத்தைப் போட்டு, ஒலுவில் விலாசத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, மிச்சத்தைக் கை கழுவிவிட்டுப் பார்ப்போம் என்று எழும்பினேன். கையைக் கழுவினேன். மிச்சத்தைப் பார்க்கவில்லை. ஆட்கள் பார்க்கும் பக்கத்தில் ஒலுவில், தேடுபொறி வாசிக்கும் துண்டில் பலா மரத்து வீடு.

ஒரு கிழமை கழிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பாண்டிருப்புப் பக்கத்து மீனவர்கள் இருவர், எஞ்ஜினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்து ஒரு தோட்டக்காரர். பிறகு வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு விவசாயி, ஓட்டோவின் பின் ஆசனத்தில் பம்பை ஏற்றி, தான் டிரைவரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சிறுபோகச் சாகுபடி நேரம். வாய்க்காலில் தண்ணீர் வற்ற வற்ற பம்புகள் ஓய்வில்லாமல் ஓடி, ஓடிய வேகத்தில் பழுதாகும். தம்பிக்கு வருடத்தில் நல்ல உழைப்புக் காலமே அதுதான்.

உம்மா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மகன் ஒலுவிலில் என்றும் சொல்லவில்லை. கதிரை போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், வயலைப் பற்றியும் அதற்குள் இறங்கும் யானைகளைப் பற்றியும் விசாரித்தார். பிறகு உள்ளே வந்து தம்பிக்கு போன் எடுத்தார். "மகன், ஆக்கள் வந்திரிக்காங்க. பாவம், தூரத்தில இருந்து வந்த மனுசன். ஓடி வாங்க."

அவனும் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஓடி வருவான். உம்மா அதற்குள் மீனைப் பொரித்து முடித்திருப்பார். வந்தவன் சோறு தின்னாமல் போக முடியுமா? பம்பைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் திரும்பிப் போவதற்குள் அரை நாள் போய்விடும்.

என் பிழையை நான் கண்டுபிடித்தது அந்த வரிப்பத்தான்சேனை மனிதரால்தான். எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். கடையின் பெயருக்குக் கீழே எங்கள் ஒழுங்கை சிரித்துக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஊரான் தளத்தை எல்லாம் மூன்று தரம் சரி பார்ப்பவள், சொந்தத் தம்பியின் தளத்தை மருதோன்றிக் கையோடு விட்டிருக்கிறேன். ஒலுவில் அவருக்குக் கிட்ட என்று சொன்னதும் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் உம்மாவின் தேத்தண்ணியைக் குடித்திருந்தபடியால் திட்டாமல் விட்டார்.

அன்று பம்பைக் கட்ட வந்த தம்பி, உம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து என்னை வாசல் படலையடிக்குக் கூப்பிட்டான்.

"ராத்தா, உம்மாக்குச் சொல்லாதீங்க. என்ட கூட்டாளி கட்டாரில இருந்து விசா ஒண்டு சரிபண்ணியிருக்கான். அடுத்த மாசம் முடிய முதல் ஓமா இல்லையா எண்டு சொல்லணும்."

"என்னத்துக்குக் கட்டார்? கடைய என்ன செய்யிற?"

"கடையில ஆள் வந்தாத்தானே. வாற ஒண்டு ரெண்டு பேரும் நான் இஞ்ச வந்திரிக்கக்குள்ள வந்து பூட்டைப் பாத்திட்டுப் போறாங்க. மாமனார் ஒண்டும் சொல்லல்ல. ஒண்டும் சொல்லாம இரிக்கிறதுதான் எனக்கு ஏலாம இரிக்கி."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபடியே சொன்னான்.  கல்யாணம் முடித்து மூன்று மாதம் ஆகாத பிள்ளை. என் ஒரு துண்டுக் குறிப்பு அவனைப் பாலைவனத்துக்கு அனுப்பப் பார்க்கிறது.

அன்று பின்னேரமே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினேன். விலாசம், அகலாங்கு, நெட்டாங்கு, நேரம். ஒலுவில் பள்ளியின் தொழுகை நேரத்தைக் கேட்டு அதையும் மாற்றினேன். சோதிக்கும் கருவியில் போட்டேன், ஒரு பிழையும் இல்லை என்று பச்சை காட்டியது. நான்கைந்து நாளில் தேடிப் பார்த்தால் ஒலுவில் வந்தது. கணவருக்குக் காட்டிப் பெருமையடித்தேன். அடுத்த கிழமை மறுபடியும் பலா மரத்து வீடு.

பைத்தியம் பிடித்தாற்போல் இருந்தது. ஒரு எழுத்து விடாமல் மறுபடி வாசித்தேன். சரியாகத்தான் இருந்தது. இந்தத் தேடுபொறி நாம் எழுதிக் கொடுக்கும் துண்டை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. மாப்பிள்ளை கேட்டு வருகிறவர்கள் வீட்டில் சொல்வதைக் கேட்டுவிட்டு, தெரு முடக்குக் கடையிலும் விசாரித்துவிட்டுப் போவார்களே, அதே புத்திதான் அதற்கும். ஆகவே விசாரிக்கக்கூடிய இடமெல்லாம் தேடினேன். பழைய வியாபாரப் பட்டியல் ஒன்றில் கல்முனை என்று இருந்தது, மாற்றினேன். தம்பியின் முகநூல் பக்கத்தில் இருந்தது, மாற்றினேன். ஒலுவில் வந்தது. நான்கு நாளில் திரும்பவும் போனது.

"ஜின் ஏதும் பிடிச்சிரிக்குமோ? மௌலவிய வேணுமெண்டாக் கூட்டி வாறன்" என்றார் என் கணவர்.

"நகவெட்டி எங்க இரிக்கி எண்டு முதல்ல கண்டுபிடிங்க" என்றேன். பாவம், அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிக்கும் நிலைமை இல்லை. மாதம் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் அஸருக்குப் பிறகு நான் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உம்மா கதிரையில் இருந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். உம்மாவின் போன் 'டிங்' என்றது. அது தம்பி வாங்கிக் கொடுத்த போன். தமிழில் வைத்துக் கொடுத்திருந்தான். உம்மா தனியே பஸ்ஸில் போகும்போது எங்கே நிற்கிறார் என்று நாங்கள் பார்ப்பதற்காக, இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியையும் அவனே திறந்து விட்டிருந்தான். உம்மா கத்தியை வைத்துவிட்டு, கையைச் சாரியில் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசித்தார்.

"இந்த... இடம்... இன்னும்... இங்கே... உள்ளதா?"

மேலே தம்பியின் கடைப் பெயர்.

"ஓம் மகன், ஓம்" என்று சொல்லிக்கொண்டே கேள்விக்குக் கீழே இருந்த 'ஆம்' என்பதை விரலால் அமத்தினார். பிறகு கிழங்கை எடுத்தார்.

நான் கதிரையோடு திரும்பினேன். "உம்மா, என்னத்த அமத்தினீங்க?"

"தம்பியக் கேட்டு வந்த. ஓம் எண்டன்."

"ஆரு கேட்டு வந்த?"

"ஆரெண்டு எனக்கென்ன தெரியும்? ஆரோ ஒரு நல்ல மனுசன். கிழமையில ரெண்டு மூண்டு தரம் விசாரிப்பான், கட இஞ்சதான் இரிக்கா எண்டு. ஒருநாள் தொறந்திரிக்கா எண்டு கேட்டான். தம்பி வந்து சோறு தின்னுட்டு இரிந்தான். தொறந்துதான் இரிக்கி எண்டன். கேட்டா மறுமொழி சொல்லாம இரிக்கிறது மரியாதையா?"

அந்த நல்ல மனுசன் தேடுபொறிதான்; ஒரு கடைக்குப் பக்கத்தில் நிற்கும் போன்களிடம் இப்படி விசாரித்துப் பார்ப்பது அதன் வழக்கம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று வாரமாக நான் அந்தத் துண்டில் தலையை முட்டிக்கொள்கிறேன். பக்கத்துக் கதிரையில், கிழங்குச் சீவல்களுக்கு நடுவில், என் வேலை முழுவதையும் ஒரு விரல் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறது. உம்மாவின் விரல் மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வந்தவர்களின் போன்களும் எங்கள் வாசலில் நின்று சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் அந்த இடத்திலேயே நாள் முழுதும் இருக்கும் ஒரு மனுசி, கேட்கும்போதெல்லாம் ஓம் என்றால், நானாக இருந்தாலும் அவரைத்தான் நம்புவேன்.

"இனிமேக் கேட்டா இல்ல எண்டு அமத்துங்க உம்மா."

உம்மாவின் முகம் மாறியது. "என்ட மகன் இஞ்ச இல்ல எண்டு நான் ஏன் சொல்ல?"

"அவன் ஒலுவில்லதானே உம்மா."

"அவன்ட சேட்டு அல்மாரிக்குள்ள கெடக்கு. அவன் தின்னுற பீங்கான் கெடக்கு. நீ சொல்லாத. எனக்குத் தெரியும் அவன் எங்க எண்டு."

சத்தமாகத்தான் சொன்னார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் கணவர், வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டார். மாமி சத்தம் போடும் இடத்தில் மருமகன் நிற்கக்கூடாது என்ற ஒழுங்கை அவர் மீறியதே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகனைப் பார்க்க வேண்டும் என்றால் உம்மா என்ன செய்வார்? ஆண்பிள்ளையின் தாய் சம்பந்தி வீட்டுக்கு நினைத்த நேரம் போய்விட முடியாது. போனால் பலகாரப் பெட்டியோடு போக வேண்டும், நான்கு பேரோடு போக வேண்டும். அடிக்கடி போனால் மகனுக்கு ஒழுங்காகச் சோறு போடுகிறார்களா என்று வேவு பார்க்க வருகிறார் என்று கதை வரும். ஒரு தரம் முறையாகப் போய் வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவனை இந்த வாசலுக்குக் கொண்டுவந்தது அந்தப் பம்புகள்தான். ஒவ்வொரு ஓட்டோவும் வந்து நிற்கும்போது உம்மா ஏன் அவ்வளவு வேகமாகக் கதிரை எடுத்தார் என்று இப்போது விளங்கியது.  என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை. தம்பிக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன்.

"உம்மா, கடையில வேல இல்லாட்டி அவன் கட்டாருக்குப் போறதாம். விசா வந்திரிக்காம். இஞ்ச வந்து வந்து போறதாலதான் அங்க கட பூட்டிக் கெடக்கு."

 உம்மா கிழங்கைச் சீவி முடித்தார். தண்ணீரில் போட்டார். மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருக்கும்போதே எழும்பி, கை கால் கழுவி வுளூச் செய்யப் போனார்.  மூன்று நாள் போனும் 'டிங்' என்று எதையும் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை, நான் பல் வைத்தியரோடு போனில் இருந்தேன். உம்மா என் தோளைத் தட்டினார்.

"புள்ள, கேக்கான். எத அமத்தினா இல்ல எண்டு போகும்?"

பல் வைத்தியரை நிற்க வைத்துவிட்டு, காட்டினேன்.  திரை மங்கப் போகும்வரை உம்மா அமத்தாமல் நின்று, அதைத் தொட்டு எழுப்பச் சொன்னார். பிறகு பிஸ்மி சொல்லி, 'இல்லை' என்பதை அமத்தினார். அமத்திய விரலை உடனே இழுத்துக்கொண்டார்.

"ஒலுவில்ல இரிக்கான் எண்டு அவருக்குச் சொல்ல ஏலாதா?"

"ஏலும் உம்மா."

இருவருமாகச் சொன்னோம். துறைமுக வீதி என்று நான் எழுத, "பெரிய வேப்ப மரத்துக்கு முன்னால எண்டும் போடு" என்றார் உம்மா. வேப்ப மரத்துக்கும் இடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. குறிப்பு எழுதும் பெட்டியில் அதையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு தேடலில் ஒலுவில் மாறவே இல்லை. பத்து நாளில் எங்கள் வாசலில் ஓட்டோ நிற்பது நின்றது. தம்பி கூப்பிடும்போது பின்னால் எஞ்ஜின் சத்தமாகக் கிடக்கும், "பொறவு எடுக்கன் ராத்தா" என்று வைத்துவிடுவான். நான் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான் என்று சந்தோஷப்பட்டேன். உம்மாவுக்கு முன்னால் அந்தச் சந்தோஷத்தை ஒளித்தும் வைத்தேன். அவர் ஒருநாள் கறியில் இரண்டு தரம் உப்புப் போட்டார். மருமகன் வாயைத் திறக்காமல் தின்றார்.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை. நான் வேலையாக இருக்கும்போது உம்மா உடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, கையில் ஒரு பையோடு வந்து நின்றார். பைக்குள் எங்கள் பிளெண்டர்.

"இது கத்துது" என்றார்.

"அது வாங்கின நாளில இருந்து கத்துறதானே உம்மா."

"இப்ப கூடக் கத்துது. திருத்தணும். ஒலுவிலுக்குப் போவம் வா."

"சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடயா?"

"நான் வீட்டுக்கா போறன்? கடைக்குப் போறன். கடைக்குப் போக ஆருட்டக் கேக்கணும்? நான் கஸ்டமர்."

இந்த யோசனை எனக்கு ஏன் முதலே வரவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடை வாசலில் நான்கு பம்புகள் வரிசையில் நின்றன. ஒரு படகு எஞ்ஜின் கழற்றிய நிலையில் சாக்கின் மேல் கிடந்தது. தம்பி முழங்கை வரை கிறீஸோடு குனிந்திருந்தான். தலையை நிமிர்த்தி "உம்மா!" என்றவன், கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சேட்டிலேயே துடைத்தான்.

"மத்த ஆக்கள முதல்ல பாருங்க மகன். நான் வரிசையில இரிக்கன்" என்றார் உம்மா, பையை மடியில் வைத்தபடி.

உட்கார இடம் தேடும்போது ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டார். அந்த வரிப்பத்தான்சேனை மனிதர்தான். இன்னொரு பம்போடு வந்திருந்தார். "இருங்க ராத்தா" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய் அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தார். உம்மா அவருடைய யானைகளைப் பற்றி விசாரித்தார். நான் தம்பியின் பக்கத்தில் போய் நின்று, கட்டார் என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல எண்டு சொல்லிட்டன்" என்றான், ஒரு ஆணியைப் பல்லால் கடித்தபடி.

அப்போது உம்மாவின் போன் 'டிங்' என்றது. உம்மா தேத்தண்ணிக் கோப்பையை அந்த மனிதரிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாசித்து முடித்துக் கடையைச் சுற்றிப் பார்த்தார். பம்புகள், வேப்ப மரம், குனிந்திருந்த மகனின் முதுகு.

"ஓம்!" என்றார். வீதியில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். விரலை அழுத்தி அமத்தினார்.

வரிசை முடிந்து உம்மாவின் முறை வந்தது. தம்பி பிளெண்டரை எடுத்து மேசையில் வைத்து, மின்சாரம் கொடுத்து ஓட விட்டான். அது வழமையான சத்தத்தோடு வழமைபோல் ஓடியது. நிறுத்தினான். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். அதில் ஒரு பழுதும் இல்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்துவிட்டது. திறக்கும் நேரத்தில் ஒரு நிமிடம்கூட என்னைப் பொய் எழுத விடாத பிள்ளை, பிளெண்டரை மேசைக்கடியில் பத்திரமாக எடுத்து வைத்தான்.

"இதுக்கு ஒரு சாமான் வரணும் உம்மா" என்றான். "அடுத்த வியாழக்கிழமை வாங்க."